பல்லி சொன்ன திசை

சாவியைத் திருப்பினேன்.
டிக்டிக்டிக்டிக் என்றது,
மிளகாய் கடித்த பல்லி மாதிரி.

காலை ஐந்தரை. உவர்மலை இன்னும் விடியவில்லை.
ஒன்பது மணிக்குக் கந்தளாயிலிருந்து ஜெமீல் வருவார்
காரைப் பார்க்க, கையில் காசோடு.
அவர் வரும்போது கார் இங்கே நிற்கக்கூடாது.

விற்போம் என்றது இவர்.
விற்கமாட்டேன் என்றது நான்.
நாலு நாளாய்க் கதையில்லை.
சோறும் பருப்பும் தாமாக மேசைக்கு வந்து
தாமாகத் தீர்ந்தன.

அடுக்கடுக்காய் அடித்தால் பற்றரி.
ஒற்றை டொக் என்றால் ஸ்டார்ட்டர்.
தந்தி செத்தபிறகு தபால் கந்தோருக்குப் போனவள் நான்;
சத்தத்தை எண்ணி வாசிக்க
இந்த நிஸான் மார்ச்தான் வாய்த்தது.

முன்லைட் போட்டேன்.
சாவியைத் திருப்ப
சுவரிலிருந்த மஞ்சளும் சுருண்டு படுத்தது.
அப்போ பற்றரிதான்.

பொனட்டைத் தூக்கினால்
இரண்டு முனையிலும் பச்சையும் வெள்ளையுமாய்
பூத்துக் கிடக்கிறது உப்பு.
இந்த மலைக்கு உவர் என்று பேர் வைத்தவன்
கட்டாயம் கார் வைத்திருந்திருப்பான்.

கறுப்பு வயரை முதலில் கழற்றி
பிளாஸ்கிலிருந்த சுடுதண்ணியில்
அப்பச்சோடா கரைத்து ஊற்றினேன். சீறியது.
அந்த வழியால் வந்த ஓட்டோக்காரத் திலக்சன்
தலையை நீட்டி,
"காணாதக்கா, கன்னியாவில ஏழு கிணத்திலயும்
அள்ளி ஊத்துங்கோ."
"சிரிக்காதை. தள்ளிவிடுறியா?"
"கியர்?"
"ஓட்டோ கியர்."
"அப்ப சரிவராது" என்று
அவனுடைய ஓட்டோவில் போய்விட்டான்.

துடைத்து, தேய்த்து,
கறுப்பைக் கடைசியாய் இறுக்கினேன்.
லைட் இப்போது சுவரைச் சுட்டது.
சாவி.
டொக்.
ஒன்றே ஒன்று.
லைட் கண்ணிமைக்கவில்லை.

இனி ஸ்டார்ட்டரைத் தட்டவேண்டும்.
தட்ட ஒரு ஆள், திருப்ப ஒரு ஆள்.

வாசலில் இவர், சாரத்தோடு.
எவ்வளவு நேரமாய் நிற்கிறாரோ.
ஒன்றும் கேட்காமல், ஓட்டத் தெரியாத மனிதர்
ஓட்டும் சீட்டில் ஏறி இருந்தார்.
கியர் பார்க்கிங்கில்தானா என்று எட்டிப் பார்த்தேன்.
நான் பார்த்ததை அவர் பார்த்தார்.

பழைய பாயை விரித்து
வீல் ஸ்பானரோடு கீழே நுழைந்தேன்.
வாய் திறந்தால் நான் தோற்றேன்.
அதனால் பம்பரில் இரண்டு தட்டு: திருப்பு.
டொக்: திருப்பினேன்.
ஸ்டார்ட்டரில் நாலு தட்டு. பம்பரில் இரண்டு.
டொக்.
மறுபடியும்.
டொக்.
இப்படிக் கொஞ்ச நேரம்
இரும்பால் கதைத்துக்கொண்டிருந்தோம்.

ஏழாவதோ எட்டாவதோ தரம்
முகத்துக்கு மேலே எல்லாம் குலுங்கி
என்ஜின் பிடித்தது.
"நிப்பாட்டிப்போடாதேங்கோ!"
கத்தியது நான்தான்.
"இல்லை, இல்லை" என்றார்
இரண்டு கையையும் மேலே தூக்கி,
ஒருகாலத்தில் சோதனைச்சாவடியில் நின்ற மாதிரியே.

பற்றரி ஏற அரைமணியாவது ஓடவேணும்.
பக்கத்துச் சீட்டுக்கு நகர்ந்தார். இறங்கவில்லை.
மலையிறங்கி வர, குப்பைத் தொட்டியடியில்
மான்கள் மூன்று, ரோட்டுக்குக் குறுக்கே,
பேப்பர் தின்றுகொண்டு.
ஹோன் அடிக்காமல் பிரேக்கில் கால் வைத்திருந்தேன்.
என்ஜின் நடுங்கியது, நிற்கவில்லை.

போன் அடித்தது. ஜெமீல்.
"ஸ்டார்ட்டர் பழுதெண்டு சொல்லவோ?
பொய் இல்லைத்தானே."
விலை சொல்லும் நேர்மையா,
ஆளைத் திருப்பி அனுப்பும் தந்திரமா,
எனக்கு விளங்கவில்லை.
கேட்கவுமில்லை.
அடித்து ஓய்ந்தது போன்.

அனுராதபுரச் சந்தி.
ஒரு பக்கம் கந்தளாய் ரோட்டு, ஒரு பக்கம் நிலாவெளி.
சிக்னல் போட்டேன்.
டிக். டிக். டிக்.

பல்லி சொன்னால்
எந்தத் திசை என்று பார்க்கிற ஆள் இவர்.
எட்டி, மினுங்கும் அம்பைப் பார்த்தார்.
பார்த்துவிட்டு
சீட் பெல்ட்டை இழுத்துப் போட்டார்.