பதினோரு குச்சி

நாலு குட்டி போன பிறகு
பட்டியைச் சுற்றி மிளகாய்ப்பொடி தூவினேன்.
என் ஆடுகள்தான் ராத்திரியெல்லாம் தும்மின.

மாமனாரின் லைசன்ஸ் துப்பாக்கி
தேர்தலுக்கு ஸ்டேஷனில் ஒப்படைத்தது.
ஓட்டு எண்ணியாச்சு, துப்பாக்கி வரவில்லை.
வந்தாலும் எந்தப் பக்கம் சுடுவது?
வடக்கே காட்பாடி மாடிவீடுகள்,
தெற்கே சத்துவாச்சாரி,
நரியின் காதுக்கு நேர் பின்னால்
நர்ஸ் பிள்ளைகள் துணி காயப்போடும் விடுதி.

வனத்துறை ஆபீசில் ஒரே வரி:
தொட்டால் தொரப்பாடி.
ஜெயிலுக்கு எங்கள் பக்கம் அதுதான் பேர்.

யாருக்கும் தெரியாமல் பிடித்து
அமிர்திக் காட்டில் விட்டுவிடலாமென்று
கோழிக்குடல் கட்டிக் கூண்டு வைத்தோம்,
நானும் மாசிலாமணியும்.
முதல் நாள் காது நறுக்கிய தெருநாய்.
மறுநாளும் அதே நாய், வாலாட்டிக்கொண்டு.
மூன்றாம் நாள் கூண்டே இல்லை.
பழைய இரும்புக்கு நல்ல விலையாம்.

தண்ணீர் இல்லாத பாலாறு
நரிக்குத் தார் போடாத ரோடு.
எந்தக் கருவேலம் புதரில் வளையென்று
டார்ச் அடித்தால்
மின்னிய பச்சைக் கண்ணெல்லாம்
உடைந்த பீர்பாட்டில்.

அப்புறம்தான் கவனித்தேன்.
சித்தூர் ரோட்டிலிருந்து ஆம்புலன்ஸ்
பெரியாஸ்பத்திரிக்குப் பாலம் ஏறும்போதெல்லாம்
சைரனைத் தன் சாதியென்று நினைத்து
கீழிருந்து நரி பதில் சொல்கிறது.
ஒன்று. ரெண்டு. கீச்சென்று குட்டிகள்.
சத்தம் வந்த திக்குப் பார்த்து ஒரு குச்சி சாய்ப்பேன்,
அடுத்த வண்டிக்கு வேறு இடத்திலிருந்து இன்னொன்று.
கோடுகள் சேருமிடத்தில் வளை.
பத்தாவது ஃபெயிலானவனின் கணக்கு.

பதினோரு குச்சி நட்டாச்சு.
வியாழக்கிழமை ஒரு வண்டியும் வரவில்லை.
பீடி தீர்ந்தது, பனி இறங்கியது.
'இன்னாடா, இன்னிக்கு ஒண்ணும் வர்ல' என்றான் மாசிலாமணி,
டவுன் பஸ்ஸுக்கு நிற்கிறவன் மாதிரி.
நானும் பாலத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.
சொன்ன பிறகுதான் அவனுக்கு உறைத்தது.
ஒன்றும் ஒட்டாத கையை
லுங்கியில் துடைத்துக்கொண்டே இருந்தான்.

மூன்று மணிக்கு வந்தது.
நரிகள் எழும்பின, இதுவரை இல்லாத பக்கத்தில்,
கைத்துண்டு வீசினால் விழும் தூரத்தில்.
குச்சி கையில் இருந்தது.

பாலத்தின் நடுவே
சைரன் சட்டென்று நின்றது.
விளக்கு மட்டும் சுழல
வண்டி வேகம் குறைந்து,
இனி அவசரம் இல்லை என்பது போல்
ஓரமாகப் போனது.

கீழே நரிகள்
இன்னும் கொஞ்ச நேரம் கூப்பிட்டுக்கொண்டிருந்தன.