மிச்சக் காற்று

எனக்கு நீச்சல் தெரியாது.
விடியுமுன்னே எழுந்து
பன்னிரண்டு சிலிண்டருக்கும் காற்று அடைக்கிறவன் நான்.
மங்காராய் மலையில், காப்பிச் செடிகளுக்கு நடுவே பிறந்தவனுக்குக்
கடல் என்றால் தட்டில் வரும் மீன்,
அவ்வளவுதான்,
இந்தக் கப்பலில் ஏறும்வரை.

'புலான் திமூர்' இரட்டைப் பாய்மரம்.
தலைவர் டேயிங் மாருப்புக்கு நீரோட்டம்
பங்காளி மாதிரி.
எப்போது முகம் திருப்பும் என்று தெரியும்,
ஏன் என்று கேட்கமாட்டார்.

விருந்தாளிகள் எட்டுப் பேர்.
முந்தாநாள் ரிஞ்சாத் தீவில்
கவைக்கழி பிடித்த வழிகாட்டியின் முதுகுக்குப் பின்னே
மூச்சடக்கி நின்று ராட்சத உடும்பைப் பார்த்தார்கள்.
காவலர் குடிலின் அடுக்களைக்கு அடியில் கிடந்தது அது,
உண்டு கொழுத்த மாமனார் போல.
ஒருமுறை நாக்கை நீட்டியது.
அதற்கே நானூறு படம்.

நேற்று அந்தியில் வௌவால் தீவு.
அலையாத்திக் காட்டிலிருந்து
கிழிந்த மூட்டையில் இருந்து கொட்டுவதைப் போலக்
கிளம்பின பழந்தின்னிகள்,
கொட்டித் தீரவேயில்லை.
யாரோ ஒருவர் அழுதார்.
எண்ணெய்க் கையைத் துடைத்தபடி
அவை போகும் திசையைப் பார்த்தேன் நான்.
கிழக்கே, மலைப்பக்கம்.
என் தம்பி பெனடிக்டுஸின் பப்பாளித் தோட்டம்.
திருடர்களைக் கைதட்டி
வழியனுப்பிக்கொண்டிருந்தது கப்பல்.

இன்று காலை கொம்புத்திருக்கை பார்க்கக் குதித்தார்கள்.
அவர்கள் கீழே இருக்கும்போது
எனக்கு வேலை குமிழி எண்ணுவது.
யாரும் சொன்ன வேலை இல்லை.
எட்டுக் கொத்து, வழிகாட்டியோடு ஒன்பது.
எட்டுதான் தெரிந்தால் வயிற்றைக் கலக்கும்,
ஒன்பதாவது, அலை மறைவில் இருந்து
சாவகாசமாய் வந்து வெடிக்கும்வரை.

ஐம்பது நிமிடம் கழித்து ஏறி வந்தார்
பல் வைத்தியர் வெண்டுலா.
முகமூடியைக் கழற்றுமுன்பே என்னைத் தேடினார்.
"கனிசியுஸ்,
பதினெட்டு மீட்டர் ஆழத்தில்
பூண்டு வாசனை."

கப்பல் மொத்தமும் என் பக்கம் திரும்பியது.
காற்று உறிஞ்சும் குழாயை நேற்றிரவு
சமையலறைச் சன்னலோரம் கட்டியவன் நான்தான்.
வடிகட்டி பழசு.
புதிது கேட்டு மூன்று தடவை எழுதியாயிற்று.
யோசெஃபினா டெம்பே வறுத்தது அவள் குற்றமா?
டேயிங் திட்டினார், பூகிஸ் மொழியில்.
பொருள் புரியவில்லை,
அளவு புரிந்தது.

வெண்டுலா திட்டவில்லை.
தண்ணீர் சொட்டச் சொட்டப் பலகையில் உட்கார்ந்து
சொல்லிக்கொண்டே போனார்.
நீரோட்டம் இழுத்ததாம்.
ஒரு பாறையைப் பற்றிக் கொடித்துணியாய்ப் படபடத்தாராம்.
மூச்சுக்கு முந்நூறு தரம் மானியைப் பார்த்தாராம்.
அப்போது தலைக்கு மேல்
ஒரு கூரை நகர்ந்தது என்றார்.
வெள்ளை வயிறு. இந்தப் பக்கம் ஐந்து செவுள் கீற்று,
அந்தப் பக்கம் ஐந்து.
அவரை ஒரு பொருட்டாகவே மதிக்கவில்லை அது.
"எனக்கு என்ன ஆயிற்று தெரியுமா?
பசித்தது.
அவ்வளவு பயத்தில்
எனக்குப் பசித்தது."

எல்லாரும் சாப்பிடப் போனார்கள்.
குழாயை அவிழ்த்துக்
கொடிமரத்தின் பாதி உயரத்தில் கட்டினேன்.
அடுத்த முழுக்கு மூன்று மணிக்கு.

சிலிண்டர்களை வரிசையாய் நிறுத்தினேன்.
ஐம்பது மிச்சம், எழுபது மிச்சம்.
வெண்டுலாவுடையதில் இருபது.
வாயில் தேங்கிய உப்புநீர் போக
ஒரு நொடி திறந்து மூடவேண்டும், அதுதான் முறை.
முகத்தைக் கிட்டே கொண்டுபோய்த்
திருகினேன்.
அந்தக் கூரைக்கு அடியில் இருந்துவிட்டு வந்த காற்று.
ஒரு நொடிக்குக்
கொஞ்சம் கூடவே திறந்திருந்தேன்.

சில்லென்று இருந்தது.
லேசாய்ப் பூண்டு.