காளவாய்ப் புகை

முதலில் எச்சில்தான்.
பஞ்சுத் திரியை நாக்கில் தொட்டு
வானத்தின் இடது மூலையில் உருட்டினேன்.
நூற்றெண்பது ஆண்டுகளின் சுருட்டும் மெழுகும்
கறுப்பாய் ஏறி வந்தன.

பட்டியலில் இதன் பெயர் ‘இடிபாடுகளில் அந்தி’.
ரோமுக்குத் தெற்கே ஒரு வெற்றுவெளி,
தண்ணீர் மறந்த கால்வாயின் ஒன்பது வளைவுகள்,
எல்லாவற்றின் மேலும்
தேன் வடிந்த மாதிரி வெளிச்சம்.
ஓர்ஹூஸ் நகரத்துத் தானிய வணிகர் வீட்டில்
சாப்பாட்டு மேசைக்கு எதிரே தொங்கியது.
டிசம்பரில் அங்கே மூன்றரைக்கே இருட்டிவிடும்.
ஐந்து தலைமுறை
இந்த அந்தியைப் பார்த்தபடிதான்
வெந்த உருளைக்கிழங்கை உரித்துத் தின்றது.

திங்கட்கிழமை கரைப்பானைத் திறந்தேன்.
கட்டம் கட்டமாக, மூச்சை அடக்கி.
தேன் பஞ்சுக்கு வந்துவிட்டது.
வளைவுகளின் நிழலோ
காலடியில் சுருண்ட நாயாய்
குட்டையாகக் கிடந்தது.
பழுத்த வார்னிஷைப் பொழுது என்று நம்பியிருக்கிறோம்.
உச்சி வெயில் இது.
பல்லிகூடக் கல்லுக்கடியில் போய்விடுகிற,
மண்டையைப் பிளக்கிற வெயில்.

வியாழக்கிழமை,
மூன்றாம் வளைவில்,
மூடுபனி என்று குறித்து வைத்திருந்த இடத்தில்
சுண்ணாம்புக் காளவாய்.
அதன் வாயருகே முக்காடு இறுக்கிய ஒரு பெண்.
இடுப்பில் பிள்ளை என்று எழுதினேன்.
உருப்பெருக்கியில்
பிள்ளைக்கு மூக்கில்லை.
பளிங்கு. ஏதோ ஒரு தேவனின் தலை.
வெந்தால் வெள்ளை;
வெள்ளையானால் கூலி.

தோகர் லுண்பி, இருபத்தாறு வயது,
காய்ச்சல் கொண்டுபோகுமுன்
அங்கே ஒரே ஒரு கோடை இருந்தவன்,
அவளைத் தள்ளிவிட்டு வரையவில்லை.
ஒற்றை மயிர்த் தூரிகையால்
அவள் முழங்கையில் ஒரு சிவப்பு வைத்திருக்கிறான்.
படம் முழுக்கத் தேடினேன்,
சூரியன் கொடுக்காத வெளிச்சம்
அந்த ஒரு புள்ளிதான்.

வீட்டுக்காரர் எவால்ட் வந்தார்.
வெகுநேரம் தொப்பியைக் கழற்றவில்லை.
“எங்கள் அந்தி எங்கே?”
குப்பைத் தொட்டியைக் காட்டியிருக்கலாம்,
நானூறு திரிகள், மஞ்சள் மஞ்சளாக.
காட்டவில்லை.

சட்டத்துக்குள் மறையும் கீழ்விளிம்பில்
தபால்தலை அகலத்தைக் கழுவாமல் விடுவோம்,
பின்னால் வருகிறவர்களுக்குச் சாட்சியாக.
விளக்கைத் தாழ்த்தி அதைக் காட்டினேன்:
இரண்டு புல், ஒரு கல்,
அங்கே இன்னும் ஆறு மணி.

அவர் அதைப் பார்க்கவில்லை.
காளவாய்ப் பக்கம் குனிந்து
கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே கேட்டார்,
“இவள் எப்போதிருந்து நிற்கிறாள்?”