தொட்ட கல்

காணி உறுதி தேடி வந்த நான்காம் நாளும்
கந்தோரில் கையொப்பம் வைக்கிறவர் லீவு.
மச்சான் சுகிர்தன் படகுக்கு ஐஸ் ஏற்றக்
கொட்பே போனான். நானும் லொறியில் ஏறினேன்.

பாலையூற்றில் பிறந்து
தண்டர் பேயில் கல் தள்ளியவள் நான்.
இருபது கிலோ கருங்கல், மேலே ஒரு கைபிடி.
ஐஸ் தரையில் அது போகப் போக
முன்னால் துடைப்பத்தோடு ஓடித் தேய்ப்பது
பதினொரு பனிக்காலம் என் பாடு.
அம்மா ஊருக்குத் தொலைபேசியில் சொல்வாள்:
"பிள்ளைக்கு அங்க கூட்டுற வேலை."
யாரும் சிரிக்கவில்லை.
கூட்டுதல் ஊருக்குத் தெரிந்த வேலை.

வேகம் இருக்கும்வரை கல் நேரே போகும்,
களைக்கும்போதுதான் வளையும்.
வளைந்து போய்ச் சேரும் வட்டத்துக்கு
வீடு என்று பெயர்.
நான் வைத்த பெயரல்ல.

மாகாண இறுதியாட்டம். கடைசிக் கல்.
என் துடைப்பம் அதைத் தொட்டது,
இமைமயிர் கன்னத்தில் விழுகிற அளவுக்கு.
தொட்டவர் தானே கை தூக்கிச் சொல்ல வேண்டும்.
நான் இன்னும் அழுத்தித் தேய்த்தேன்.
பதக்கம் சமையலறை இழுப்பறையில்
கரண்டிகளுக்கு அடியில் கிடக்கிறது.

முழங்கால் போனபின் பயிற்றுநர்.
கண்ணாடிக்குப் பின்னால் ஒரு வாங்கு,
ஆட்டத்துக்கு ஒரு நிமிடம் பேச்சு.
கால், தோள், மூச்சு எல்லாம் சொல்லிக் கொடுத்தேன்.
அதை மட்டும் வாயெடுத்ததில்லை.
ஆனாலும் போன மாசியில்
கிரேட்டா என்ற பதினேழு வயதுக்காரி
ஓடிக்கொண்டிருந்தவள் நின்று
கையை உயர்த்தினாள்.
ஒருவரும் கண்டிருக்கவில்லை. நானும்.
தோற்றோம்.
திரும்பும் பஸ்ஸில் என் கையுறையைக் கழற்றி
அவளிடம் கொடுத்தேன். வேறொன்றும் வரவில்லை.
வைகாசியில் விலகல் கடிதம்.

கொட்பேயில் ஐஸ் அறைக் கதவு திறந்தால்
முதலில் புகைதான் வெளியே வருகிறது.
பிறகு கிண்ணியா றம்சீன்,
காலில் இரட்டைக் காலுறை, கையில் கொக்கி.
இடுப்புயரக் கட்டியை ஈரச் சீமெந்தில் விடுகிறான்.
விடும் கணத்தில் மணிக்கட்டில் ஒரு நூல் திருப்பம்.
கட்டி நேரே போய், களைத்து, வளைந்து,
லொறிப் பலகையில் மெல்ல முட்டுகிறது.
எட்டு வருடம் கத்தியும்
என் பிள்ளைகளுக்கு வராத மணிக்கட்டு.

"அங்க என்ன தொழில்?"
"ஐசில கல்லுத் தள்ளுறது."
"காசு தருவாங்களா?"
"பெருசா இல்ல."
"அப்ப இஞ்ச வந்து தள்ளுங்க."

ஏழாவது கட்டிக்கு ஒதுங்கத் தவறினேன்.
செருப்பு நுனியை உரசிக்கொண்டு போனது.
கை தானாக உயர்ந்தது.
"தொட்டிட்டன்" என்றேன், உரக்க.

றம்சீன் கொக்கியோடு நிமிர்ந்தான்.
கட்டியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.
"அதுக்கென்ன. கரையிற சாமான்."

சுகிர்தன் பன்னிரண்டு கட்டிக்குக் காசு எண்ணிக்கொண்டிருந்தான்.
கையை எப்போது இறக்குவதென்று
எனக்குத் தெரியவில்லை.