காட்சிக்கு மட்டும்

நான் வேலை செய்யும் அறைகலன் கடையில்
தொலைக்காட்சி அட்டையால் ஆனது.
அலமாரிப் புத்தகங்களுக்கு
முதுகு மட்டும்தான் உண்டு.
மெழுகு ஆரஞ்சுகளை வாரம் ஒருமுறை
ஈரத்துணியால் துடைக்கிறேன்.
ஒரு குடும்பம் இப்போதுதான் எழுந்து போனதுபோல
போர்வையை ஒருபக்கம் சரியவிடுவதற்கு
எனக்குச் சம்பளம் தருகிறார்கள்.

எட்டு மணிக்கு, வூச் நகரத்துப் பனியை மிதித்து,
நான்கு மாடி ஏறி,
என் சொந்த நாற்காலியில் உட்கார்ந்தால்
அது ஆடுகிறது.
காலுக்கடியில் மடித்து வைத்திருப்பது
எங்கள் கடையின் விலைப்பட்டியல்.
இந்த ஆண்டுப் பட்டியல் கொஞ்சம் தடிமன்;
நாற்காலி இப்போது மறுபக்கம் ஆடுகிறது.

டிசம்பருக்கு மிச்சம் அறுபது ஸ்லாட்டி.
அறுபதில் என்னவெல்லாம் ஆகும், கேளுங்கள்.

மின்சாரக் கட்டணம் கேட்டு வரும் உறையில்
முகவரி தெரிய ஒரு கண்ணாடித்தாள் ஜன்னல் இருக்கும்.
உறையை நிமிர்த்து. மேலே கூரையாக மடி.
வீடு.
பதினொரு நினைவூட்டல், பதினொரு வீடு.
சிவப்பு எழுத்தில் வந்த கடைசி எச்சரிக்கை
தேவாலயமாயிற்று.
பின்னால் சைக்கிள் விளக்கை வைத்தேன்.
கட்டாத பாக்கியெல்லாம்
ஜன்னலோரத்தில் ஓர் ஊராய் ஒளிர்ந்தது.
எதிர்க் கட்டடத்து ஸெனோன்
மூக்கைக் கண்ணாடியில் அழுத்தி நெடுநேரம் பார்த்தார்.
மறுநாள் அவர் ஜன்னலில் மூன்று வீடுகள்.
மூன்றுதானா என்று
எனக்குக் கொஞ்சம் பொறாமை.

கோட்டின் முழங்கை தேய்ந்துவிட்டது.
பிரித்து, உட்புறத்தை வெளிப்புறமாக்கி,
தையல் தெரிந்தால் தெரியட்டும் என்று விட்டேன்.
திரைச்சீலைப் பிரிவு ஃபெலீட்ஸ்யா தொட்டுப் பார்த்து
"எங்கே வாங்கினாய்?" என்றாள்.
"வியன்னாவில்."
வாய் கூசவில்லை.
விலை கேட்டபோதுதான் கூசியது.

கிறிஸ்துமஸுக்கு முந்தின இரவு
மேசையில் பன்னிரண்டு வகை இருக்கவேண்டும்.
பீட்ரூட் சூப் ஒன்று,
அதில் மிதக்கும் காளான் கொழுக்கட்டை இரண்டு,
ரொட்டி மூன்று என்று
எண்ணிக்கொண்டே போனாள் என் மகள் யாக்னா.
உப்பு ஒன்பது. கடுகு பத்து.
தண்ணீரைச் சேர்க்கலாமா என்று கேட்டாள்.
சூடாக ஒன்று, ஆறியபின் ஒன்று;
கணக்குச் சரியாகிவிட்டது.
எதிர்பாராமல் யாராவது வந்தால் என்று
ஒரு வெறுந்தட்டும் வைப்போம்.
இருந்ததிலேயே நல்ல தட்டு அதுதான்.

விடுமுறையில் அவள் தோழிகள்
மலைக்குச் சறுக்கப் போனார்கள்.
நாங்கள் ஒருநாள் சீட்டு வாங்கி
டிராமில் ஏறினோம், கடைசி நிறுத்தம் வரை.
மூடிய நூற்பாலை, கார் கழுவுமிடம்,
அப்புறம் பனிக்கடியில் முட்டைக்கோஸ் வயல்கள்.
குடுவையில் தேநீர், அவித்த முட்டை இரண்டு.
கடைசி நிறுத்தத்தில் ஒரு பெட்டிக்கடை.
அந்த இடத்தின் படம்போட்ட அஞ்சலட்டை இல்லை
(அந்த இடத்தை யார் படமெடுப்பார்கள்?)
கடல் படம்போட்டது ஒன்று இருந்தது.
முழங்கையால் மறைத்துக்கொண்டு எழுதினாள்.
நான் எட்டிப் பார்க்கவில்லை.
சீட்டு, அட்டை, தபால்தலை,
போக மிச்சம் ஒன்பது,
சம்பளத்துக்கு இன்னும் நான்கு நாள்,
ரொட்டி, பால், அவள் காலணிக்குப் பசை...

"அம்மா, நரி" என்றாள்.
"ம்" என்றேன்.

ஐந்தாம் நாள் தபால்பெட்டியில்
ஜன்னல் வைத்த உறை ஒன்று.
அதனடியில் கடல்.
போக்னா மரூஷெக், நான்காம் மாடி, வூச்.

*அன்புள்ள அம்மா,
இங்கே எல்லாம் நன்றாக இருக்கிறது.
ஒரு நரியைப் பார்த்தேன்.
நீயும் வந்திருக்கலாம்.*

படியிலேயே நின்றேன்.
விளக்கு தானாக அணைந்தது; கையை ஆட்டினேன்,
எரிந்தது; மறுபடி படித்தேன்.
அன்று அவள் பக்கத்தில் உட்கார்ந்து போனது
என் கோட்டு மட்டும்தான் போல.

மேலே போய், அதைக் கழற்றாமலே கேட்டேன்:
"அந்த நரி எந்தப் பக்கம் ஓடியது?"

உறையில் பன்னிரண்டாவது வீட்டை
மடித்துக்கொண்டிருந்தவள்
தலை தூக்காமல் சொன்னாள்:
"இன்னொரு சீட்டு வாங்கு. காட்டுகிறேன்."