ஆறு இலக்கம்

காட்பாடி பிரவுசிங் சென்டர்.
முன்பணம் கட்ட இன்றே கடைசி.
அப்பா கார்டு எண்ணை நாலு நாலாக வாசிக்க
இம்தியாஸ் அண்ணன் தட்டுகிறார்.
ராணிப்பேட்டைத் தோல் ஷெட்டின் நீலம்
அப்பாவின் நகக்கண்ணில் அப்படியே.

ஏழு மாடி நூலகம் அது.
அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலித்தது,
ஆசை இல்லையென்று சொல்லமாட்டேன்.
வருஷத்துக்கு மூணே முக்கால்.
தொரப்பாடி அரசுக் கல்லூரிக்கு
டவுன் பஸ் போதும்.
அங்கே லேப் எப்படியிருக்கும்,
நான் இன்னும் பார்க்கவில்லை.

"ஓடிபி வந்துச்சா, பூவிழி?"

வந்திருந்தது.
நாலு, ஒன்று, ஒன்று…
ஜங்ஷன் பக்கம் கூட்ஸ் வண்டி,
முடிகிற மாதிரி இல்லை.
திரையில் நொடிகள் குறைந்தன.

"டவர் இல்லப்பா."

அப்பா நீளமாக மூச்சு விட்டார்.
ஏமாற்றமா, வேறெதுவுமா?
பஸ்ஸில் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தும்
கேட்கவில்லை.