பதின்மூன்றாம் நாள்

சவுதாம்ப்டனில் கடல் ஒருமுறை ஏறியதோடு விடுவதில்லை.
ஏறும், கொஞ்சம் தயங்கும்,
இரண்டு மணி நேரத்தில் இன்னொரு முறை ஏறும்.
பெரிய கப்பல்களுக்கு இந்த ஊரைப் பிடிப்பது
அதனால்தான் என்பாள் பிரையனி.

நான் ஏழாம் மேசை.
கடவுச்சீட்டைப் பார்க்காதே, அது ஒன்பதாம் மேசை.
காய்ச்சலைப் பார்க்காதே, அது வெளியே கூடாரத்தில்.
இரண்டாம் ஊசியின் தேதியை மட்டும் பார்.
பதினான்கு நாள் ஆகியிருந்தால் பச்சை வளையம்.
ஆகாவிட்டால் பிரையனியைக் கூப்பிடு.

கப்பலும் எங்கும் போகப்போவதில்லை.
நான்கு இரவு,
கார்ன்வால் பாறைகளைத் தூரத்தில் காட்டிவிட்டு
எந்தத் துறையிலும் கால் வைக்க விடாமல்
வியாழன் காலை இதே கரைக்குத் திரும்பும்.
இதற்குத்தான் கல்யாண வீட்டுக்குப் போவதுபோல்
உடுத்தி வந்திருந்தார்கள்.
பதினாறு மாதம் சுவரைப் பார்த்தவர்கள்.
சிரிக்க எனக்கு மனம் வரவில்லை.

ஐவர் டன்ஸ்டன், எழுபத்தெட்டு. மேவிஸ், எழுபத்தைந்து.
அவருடைய அட்டையில் ஜூலை ஐந்து.
இன்று பதினெட்டு.
விரல்விட்டு எண்ணினேன். பிறகு காலண்டரில்.
பிறகு ஊசி போட்ட நாளையும் சேர்த்து எண்ணினேன்;
பதினான்கு வந்தது.
சேர்க்கக்கூடாது என்று மூன்றாம் பக்கத்தில் இருக்கிறது.

"வெள்ளிக்கிழமை போட வேண்டியது" என்றார்.
"அன்றைக்கு லெனை அடக்கம் செய்தோம்.
பந்தயப் புறா வளர்த்தவன்.
பெட்டியைத் தூக்க ஆள் போதவில்லை.
ஊசியைத் திங்களுக்குத் தள்ளினேன்."
தோள் கொடுத்த நாளைக் குறிக்க
என் படிவத்தில் கட்டம் இல்லை.

மேவிஸ் சட்டைக் கையை மேலே சுருட்டினாள்.
பதின்மூன்று வயதில் பள்ளிக்கூட வரிசையில் நின்று
காசநோய்க்குக் குத்திக்கொண்ட தழும்பு.
என் இடது தோளிலும் உண்டு அதே பள்ளம்,
பிறந்த மறுநாள் வவுனியாவில் குத்தியது.
காட்டினேன்.
கவசத்துக்குள் இருவரும் சிரித்தோம்.
இரண்டும் இங்கே செல்லாது.

பிரையனி வந்தாள், மூன்று விதமாக மன்னிப்புக் கேட்டாள்.
விதி என்றாள்.
அவள் மொழியில் அந்தச் சொல்லுக்கு ஒரே பொருள்.
எனக்குத்தான் இரண்டு.

கப்பல் கவிழ்ந்தாலும்
கன்னத்தில் கை வைக்காதே என்பார்கள்.
கவிழாத கப்பல், பதினேழு மாடி,
கண்ணாடிக்கு வெளியே பளபளவென்று நிற்க,
அவர் கன்னத்தில் கை வைத்திருந்தார்.

"நீ போய் வா" என்றார்.

மாட்டேன் என்பாள் என்று நினைத்தேன்.
ஒன்பதாம் மேசையும் அப்படித்தான் நினைத்திருக்கும்,
முத்திரையை அந்தரத்தில் பிடித்துக்கொண்டிருந்தது.
மேவிஸ் மணிக்கட்டை நீட்டினாள்.
"மாத்திரை நீலப் பெட்டியில்.
குப்பை வண்டி செவ்வாய்" என்றாள் அவரிடம்.
ஏறுபாலத்தில் பெட்டியை உருட்டிய நடையில்
அவருக்கும் அறிமுகமில்லாத யாரோ ஒருத்தி போனாள்.
திரும்பிப் பார்க்கவில்லை.

என்னை யாரும் கேட்கவில்லை.
எனக்கு இருபத்தாறு. ஊசி வயது வரிசைப்படி.
இரண்டாவது, ஆகஸ்ட் பன்னிரண்டில்.
ஒரு நாளைக்கு எண்ணூறு பேரின் மூச்சு
என் மேசையைத் தொட்டுவிட்டுக் கப்பலேறுகிறது.
அன்று மாலை இடைவேளையில் தண்ணீரைப் பார்த்தேன்.
ஒருமுறை ஏறியிருந்தது.
தயங்கிக்கொண்டிருந்தது.

வியாழன் காலை ஆறரை, தடுப்புக்கு வெளியே ஐவர்.
"இன்றைக்குப் பதினேழு" என்றார் என்னைக் கண்டதும்,
வீட்டுக்கணக்கு முடித்த பையன்போல.

மேவிஸ் கடைசியாக இறங்கினாள், மூக்கு சிவந்து.
என்ன பார்த்தாய் என்று கேட்டார்.
"தண்ணீர்."
வேறே?
"தண்ணீர்தான். நிறைய."

அவர் பெட்டியை வாங்கிக்கொண்டார்.
வளையம் வெட்டும் கத்தரியோடு நான் நின்றேன்.
எல்லோரும் கையை நீட்டினார்கள்.
அவள் சட்டைக் கையை இழுத்து
அதை மூடிக்கொண்டு போனாள்.